விலை சொல்லும் கூச்சம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. 12 ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் வேலையைத் தனியாகத் தொடங்க வேண்டும் என்று 2 ஆண்டுகளாக நினைக்கிறேன். இரண்டு ஆன்லைன் படிப்புகளை முடித்துவிட்டேன். திட்ட அறிக்கை தயார், பெயரும் லோகோவும்கூடத் தயார். ஆனால் தொடங்க முடியவில்லை. தோற்றால் எல்லோரும் சிரிப்பார்களே என்று இருக்கிறது. கூட்டாளி சேர்த்துக்கொள்ளலாமா? வேலையை விட எது சரியான நேரம்?

கே.

அன்புள்ள கே.,

கூட்டாளியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். பங்கு போட முதலில் ஏதாவது வரட்டும். சிரிப்பவர்களையும் விடுங்கள், அவரவருக்கு ஆயிரம் வேலை.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் யாரோ ஒருவரிடம் போய் "உங்கள் கணக்கை நான் எழுதித் தருகிறேன், மாதம் இவ்வளவு" என்று கேட்டதாக ஒரு வரி இல்லை. படிப்பில் சேர்ந்தால் யாரும் "வேண்டாம்" என்று சொல்லப்போவதில்லை. லோகோ வரைந்தாலும் அப்படித்தான். விலை சொன்னால் மட்டுமே அந்த "வேண்டாம்" காதில் விழும். 2 ஆண்டுகளாக அதற்குத்தான் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். எனக்கும் இதே வியாதி இருந்தது. மெய்ப்புப் பார்க்கும், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தும் வேலையைத் தொழிலாகச் செய்யலாம் என்று ஒரு காலத்தில் இறங்கினேன். அகராதிகள், நல்ல மேசை, முகவரி அட்டை எல்லாம் தயார். முதல் ஆள் தன் புத்தகத்தின் 400 பக்கக் கட்டோடு வந்து "எவ்வளவு?" என்று கேட்டார். மனதில் தொகை இருந்தது, வாயில் வரவில்லை. "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். ஒன்றரை மாதம் கண் எரிய வேலை பார்த்தேன். அவரும் பார்த்துத்தான் கொடுத்தார்: கையெழுத்திட்ட ஒரு பிரதி. அவர் மேல் தவறே இல்லை. விலை சொல்லாத பொருளுக்கு அவர் என்ன கொடுப்பார்?

நிக் ஸ்வின்மர்ன் என்பவர் 1999-இல் இணையத்தில் காலணி விற்கப் பார்த்தபோது கிடங்கு கட்டவில்லை. பக்கத்துக் கடையில் இருந்த காலணிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது பணம் கட்டினால் அதே கடைக்குப் போய் வாங்கி அனுப்பினார். போட்டுப் பார்க்காமல் ஒருவர் காலணி வாங்குவாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாங்கினார்கள். அதுதான் ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது, 2009-இல் அமேசான் அதை வாங்கியது. உங்களுக்குப் படம் எடுக்கும் வேலைகூட இல்லை. கையில் 12 ஆண்டு அனுபவம் இருக்கிறது, கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான்.

வேலையை விடுவதா? கேட்டீர்கள் அல்லவா, மறந்தே போனேன். ஏன் விட வேண்டும்? நிறுவன விதி அனுமதித்தால் விடுமுறை நாட்களில் ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை வைத்து எப்படித் தொழில் தொடங்குவீர்கள் என்று வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். எவ்வளவு லாபம் வரும் என்பதைவிட, எவ்வளவு போனால் தாங்க முடியும் என்றே அவர்கள் கணக்குப் போட்டார்கள். உங்களுக்குப் போகப்போவது சில ஞாயிற்றுக்கிழமைகள்.

அப்புறம், அந்தப் பிரதி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே ஒரு ஒற்றுப்பிழை.