பின்கோடுக்குள் என்ன இருக்கிறது? – எண் கேள்வி பதில்

எங்கள் பின்கோடு 600021. இந்த எண்ணில் ஏதாவது விசேஷம் உண்டா? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

உண்டு. இலக்கங்களின் கூட்டல் 9, அதனால் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும், வருவது 66,669. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 33, ஆக இன்னொரு 3-உம் கழன்று வரும். மிச்சம் 22,223. பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும், ஆனால் 71 × 313. முழுசாக எழுதினால் 3 × 3 × 3 × 71 × 313. மொத்த வகுத்திகள் 16.

கூட்டு எண் 9 என்றால் அந்த விலாசம் ராசியாமே? (அதே வாசகர்)

விலாசத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 10, 100, 1000 எல்லாமே 9-ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன. அதனால் இலக்கங்களைக் கூட்டினால் 9-க்கான மீதி தெரிந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

பாரிமுனையின் 600001-ஐ 2, 3, 5, 7, 11, 13, 17 எதாலும் வகுக்க முடியவில்லை. பகா எண் என்று எழுதிவிடலாமா? (கல்லூரி மாணவி, ராயபுரம்)

அடுத்த எண்ணையும் போட்டுப் பார்த்திருக்கலாம்! 19-ஆல் வகுத்தால் 31,579. அதை 23-ஆல் வகுத்தால் 1,373.

எதுவரை போக வேண்டும் என்பதுதான் உங்கள் சந்தேகத்தின் வேர். வர்க்கமூலம் வரை போனால் போதும். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது, ஒன்றாவது அதற்குள் அடங்கிவிடும். 600001-க்கு அது 774 சொச்சம். அதற்குள் 137 பகா எண்கள் இருக்கின்றன. பயந்துவிடாதீர்கள், ஒரு வகுத்தி சிக்கியதும் எல்லை சுருங்கிவிடும். 1,373-ன் வர்க்கமூலம் 37 சொச்சம்தான். 19, 23 இரண்டையும் மறுபடி ஒரு முறை, அப்புறம் 29, 31, 37. எதுவும் வகுக்காது, ஆக 1,373 பகா எண்.

ராமானுஜன் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் பேர் சொல்லும் எண் 1729 மட்டும்தானா? (திருவொற்றியூர்)

1729-க்குக் கிடைத்த புகழ் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. 1912-ல் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்த அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று எண் பிரிவினை. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 99-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 16,92,29,875 விதம்!

4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணுக்கும் இந்தக் கணக்கு 5-ஆல் வகுபடும் என்று 1919-ல் நிறுவினார். 99-க்கு வருவது 125-ஆலேயே வகுபடுகிறது. கடைசி மூன்று இலக்கமான 875-ஐப் பார்த்தாலே தெரியும். வெறும் கூட்டலில் இந்த 5 எங்கிருந்து வந்து நுழைகிறது என்பதுதான் வியப்பு. 9-க்கு 30 விதம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், முதல் தடவை ஒன்றிரண்டு விட்டுப்போகும்.