மேழியை அழுத்தாத உழவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் ஹோம்ஸ் கவுண்டி வழியாகப் போனபோது ஆமிஷ் மக்கள் (நவீன இயந்திரங்களைப் பெரிதும் தவிர்த்து வாழும் கிறித்தவச் சமூகத்தார்) குதிரை பூட்டி உழுவதைச் சாலையோரம் நின்று பார்த்தேன். ஒரு வயலில் நான்கு குதிரைகளைப் பக்கவாட்டில் பூட்டி, இருக்கை வைத்த கலப்பையில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டினார். அடுத்த வயலில் இரண்டே குதிரை. பின்னால் நடந்தவர் மேழியை, அதாவது கலப்பையின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போனாரே தவிர அழுத்தவில்லை. எங்கள் ஊரில் ஏர் பிடிப்பவர் உடம்பின் பாரத்தையே மேழியில் போடுவார். இங்கே கலப்பை எப்படி மண்ணுக்குள் இறங்குகிறது? இன்னொன்று, அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குதிரைகளை நிறுத்தி, கழுத்தில் கைவிட்டு எதையோ தடவினார். அவ்வளவு பெரிய குதிரைக்கு இரண்டு உழவுச் சாலுக்குள் களைப்பு வந்துவிடுமா? ஒரு நாளில் எவ்வளவுதான் உழ முடியும்?

ரா. செ.

அன்புள்ள ரா. செ.,

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றவை அதிலிருந்து வரும்.

நம் நாட்டுக் கலப்பையின் ஏர்க்கால் நீளமானது. அதன் முன்முனை நுகத்தடியில் கட்டப்பட்டு மாட்டின் கழுத்தில் கிடக்கிறது. முன்முனை அங்கே பிடிபட்டு நிற்பதால், பின்னால் அழுத்தும் பாரம் நேரே மண்ணைக் கிழிக்கும் இரும்பான கொழுவுக்குப் போகிறது. நீங்கள் பார்த்தது மண்ணைப் புரட்டிப்போடும் இறக்கைக் கலப்பை. அதன் ஏர்க்கால் குட்டை. முனையோடு முடிந்து, அங்கிருந்து சங்கிலிதான். அதன் மேழியை அழுத்தினால் கலப்பை குதிகாலில் (அடிப்பாகத்தின் பின்முனையில்) ஊன்றி மூக்கைத் தூக்கும், கொழு வெளியே வரும். ஆழம் வேண்டுமென்றால் மேழியைச் சற்றே தூக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் முதல்முறை அதைப் பிடிப்பவர் கலப்பையோடு மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

ஆழத்தை நிர்ணயிப்பது கை இல்லை, இழுவைக் கோடு. குதிரையின் தோளில் சங்கிலி தொடங்கும் இடத்திலிருந்து, ஏர்க்கால் முனையில் உள்ள துளையிட்ட இரும்பு (கிளெவிஸ்) வழியாக, மண்ணுக்குள் கொழு தடை வாங்கும் புள்ளி வரை ஒரே நேர்கோடு ஓட வேண்டும். சங்கிலியை மேல் துளையில் மாட்டினால், கோட்டை நேராக்க இழுவை ஏர்க்கால் முனையைக் கீழே அமுக்கும். கலப்பை ஆழம் போகும். கீழ்த் துளையில் மாட்டினால் ஆழம் குறையும். சங்கிலியை நீட்டினாலும் ஆழம் கூடும், குறுக்கினால் குறையும். அகலத்துக்கும் இதே கணக்குதான். இந்தக் கலப்பை வலப்பக்கம் புரட்டுவது. கிளெவிஸில் வலப்பக்கத் துளைக்கு மாற்றினால் ஏர்க்கால் இடது பக்கம், அதாவது உழாத மண் பக்கம் சாய்ந்து அகலமாக வெட்டும். இடது துளைக்கு மாற்றினால் குறுகலாக வெட்டும். ஒரு சமயத்தில் ஒரு துளைதான் மாற்ற வேண்டும், மாற்றியதும் இருபது முப்பது அடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகப் பூட்டிய கலப்பை நல்ல மண்ணில் சில கஜ தூரம் கை படாமலே ஓடும். நீங்கள் பார்த்தவர் மேழியைத் தொட்டுக்கொண்டு போனது அதனால்தான்.

துளை சரியாக இருந்தும் கலப்பை மண்ணை விட்டு மிதந்தால் கொழுவைப் பாருங்கள். கலப்பையைச் சமதரையில் வைத்தால் கொழுமுனைக்கும் குதிகாலுக்கும் நடுவே அடியில் ஏறக்குறைய அரைக்கால் (1/8) அங்குல இடைவெளி தெரிய வேண்டும். கீழ்நோக்கிய அந்தச் சிறு சாய்வுதான் கலப்பையை மண்ணுக்குள் இழுப்பது. முனை தேய்ந்து இடைவெளி போய்விட்டால் எந்தத் துளையில் மாட்டியும் பயனில்லை. எஃகுக் கொழுவானால் கொல்லனிடம் கொடுத்து அடித்து நீட்டலாம். வார்ப்பிரும்பானால் புதிதுதான் போட வேண்டும்.

இனி இரண்டா நான்கா என்பது. வேலைக்குப் பழகிய குதிரை நாள் முழுக்கத் தாங்கும் இழுவை, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. அங்கே நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் பெல்ஜியன் அல்லது பெர்ஷரான் இனமாக இருக்கும். ஒன்று 1,800 பவுண்டு என்று வைத்தால் 180 பவுண்டு இழுக்கும், இரண்டு சேர்ந்து 360. நடுத்தர வண்டல் மண் வெட்டுமுகத்தின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 5 பவுண்டு அளவில் தடை கொடுக்கும். 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழம் என்றால் 72 சதுர அங்குலம், 360 பவுண்டு. இரண்டு குதிரைக்குச் சரியாகப் போயிற்று. இரட்டைக் கொழு வைத்த கலப்பைக்கு இதில் இரு மடங்கு, ஆகவே நான்கு. ஒற்றைக் கொழுவே களிமண்ணில் ஓடினால் தடை சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டைத் தொடும், அங்கேயும் நான்கு தேவை. 'அகல உழுவதை விட ஆழ உழு' என்பது நம் பழமொழி. இந்தக் கணக்கில் ஆறை எட்டு அங்குலமாக்கினால் இழுவை 480 ஆகிவிடும். இரண்டு குதிரையை வைத்துக்கொண்டு அந்தப் பழமொழியைக் கேட்டால் மூன்றாம் நாள் தோளில் புண் இருக்கும்.

நாள் கணக்கும் நடைதான். 12 அங்குலச் சாலில் ஒரு ஏக்கர் முடிக்க எட்டேகால் மைல், ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதில் வரப்போரத் திருப்பங்கள் சேரவில்லை. நடைக் கலப்பையில் ஒரு ஜோடி நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் முடித்தால் நல்ல வேலை. ஏக்கர் என்ற அளவே பழைய இங்கிலாந்தில் ஒரு நாள் உழவிலிருந்து வந்தது. நாம் சாலைக்குச் சொல்லும் பர்லாங்கும் ஒரு சாலின் நீளம்தான், 220 கஜம்.

கழுத்தில் கைவிட்டதைச் சொல்கிறேன். வசந்தத் தொடக்க உழவின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது, மண்ணில் இல்லை. குதிரைக்குத் திமில் கிடையாது, நுகம் தங்காது. தோளைச் சுற்றி வைக்கோல் திணித்த தோல் வளையம் ஒன்றை (காலர்) மாட்டி, அதைத் தள்ளித்தான் இழுக்கிறது. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நின்ற குதிரையின் தோள் மிருதுவாக இருக்கும், கழுத்தில் கொழுப்பு ஏறியிருக்கும், மயிரும் நீண்டிருக்கும். முதல் நாள் வியர்வையில் மயிர் நனைந்து திரிந்து, அழுக்கு காலரில் படிந்து காய்ந்தால் அது அரம் மாதிரி. ஆகவேதான் நிறுத்தும்போதெல்லாம் காலரை முன்னால் இழுத்துத் தோளுக்குக் காற்று விட்டு, உள்ளே கையால் வழித்துவிடுகிறார்கள். மூச்சு ஆறவும் அந்த நேரம் உதவும். நீங்கள் பார்த்த குதிரைகள் களைத்திருக்கலாம், ஆனால் அவர் தடவியது தோலுக்காக.

காலர் அளவைப் பூட்டி நிறுத்திய நிலையில் பார்க்க வேண்டும். காலரின் அடிப்பக்கத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே தட்டையான நான்கு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. பக்கங்களில் விரல் நுனி மட்டும். ஏப்ரலில் பொருந்திய காலர் மே மாதம் பொருந்தாது. இரண்டு மூன்று வார வேலையில் கழுத்துக் கொழுப்பு கரைந்து வளையம் தளர்ந்து உருளத் தொடங்கும். உருளும் காலர்தான் புண் போடும். உள்ளே மெத்தைப் பட்டை வைப்பார்கள், அல்லது ஓர் அளவு சிறியதை மாட்டுவார்கள். மாலையில் உப்புத் தண்ணீரால் தோளைக் கழுவுவதும் காலரின் உட்புறத்தைத் துடைப்பதும் தினசரி வேலை. தோலில் வெப்பமும் வீக்கமும் தெரிந்தால் அடுத்த நாள் அந்தக் குதிரைக்கு விடுப்பு. பேச்சே இல்லை.

இதனால் பழக்குவோர் நேரே உழவில் இறக்குவதில்லை. முதல் வாரம் எரு வண்டி இழுப்பது போன்ற வேலை, ஒன்றிரண்டு மணி நேரம். அடுத்து அரைநாள். முழுநாள் உழவுக்கு மூன்று வாரமாவது ஆகும்.

தீனியிலும் ஒரு கண்ணி உண்டு. ஆமிஷ் மக்கள் ஞாயிறு வயலில் இறங்க மாட்டார்கள். ஓய்வு நாளிலும் முழு அளவு ஓட்ஸ் கொடுத்துத் திங்கள் காலை பூட்டினால், சிறிது தூரத்திலேயே பின்தொடைகள் கட்டையாக இறுகி, குதிரை நடுங்கி நின்றுவிடும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். 'திங்கட்கிழமை நோய்' என்றே பழைய பெயர். அப்படி நின்ற குதிரையை நடத்திக் கொட்டிலுக்குக் கொண்டுபோவது பெரிய தவறு. நின்ற இடத்திலேயே போர்வை போட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தடுப்பது சுலபம்: சனி மாலையிலிருந்தே தானியத்தைப் பாதியாக்கி, வைக்கோலுக்கு மாறாக நல்ல உலர்புல்லைக் கூட்டினால் போதும்.

மண்ணுக்கு ஒரே சோதனை. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரலால் தட்டினால் உதிர்ந்தால் பூட்டலாம்; நசுங்கி நாடாவாக நீண்டால் வீடு திரும்பலாம். மேலே காய்ந்து வெளுத்திருப்பதை நம்பக் கூடாது, பனி உருகிய ஈரம் அடியில் நிற்கும். ஈரக் களிமண்ணைப் புரட்டினால் சால் பளபளவென்று மெழுகினாற்போலத் தெரியும். பார்க்க அழகு, ஆனால் காய்ந்தால் செங்கல். அந்தக் கட்டிகளோடு கோடை முழுக்கப் போராட வேண்டும். களிமண் நிலத்தை இலையுதிர் காலத்திலேயே உழுதுபோட்டால், குளிரில் உறைந்து உருகி அது தானே பொடியும்.

புரட்டும் பலகையில் துரு ஏறியிருந்தாலும் மண் வழுக்காது. அப்பிக்கொண்டு, கலப்பை மண்ணைப் புரட்டாமல் தள்ளிக்கொண்டு போகும், இழுவை கூடும். தேய்த்துப் பளபளப்பாக்கித்தான் வயலில் இறக்க வேண்டும். மாலையில் துடைத்துக் கிரீஸ் தடவாமல் ஓர் இரவு மழையில் விட்டால் மறுநாள் காலை அதே வேலை.

அடுத்த முறை போனால் சாலுக்குள் நடக்கும் வலப்பக்கக் குதிரையைக் கவனியுங்கள். அதுதான் நேர்கோடு பிடிப்பது, மற்றவை அதைப் பார்த்து நடப்பவை. படம் எடுப்பதாக இருந்தால் கிளெவிஸை எடுத்து அனுப்புங்கள், எந்தத் துளை என்று பார்க்கலாம். ஆட்களின் முகம் வேண்டாம், அதை அவர்கள் விரும்புவதில்லை.