வண்டிப்பாதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற பிறகு மகளைப் பார்க்க மான்செஸ்டர் போயிருந்தேன். மூட்டுவலியோடு ‘பென்னைன் வே’ நெடும்பாதையில் ஐந்து நாள் நடந்தேன். ஆடு மேயும் வேலிக்குள்ளும் பாதை போகிறது, யாரும் தடுப்பதில்லை. நம் ஊரில் இப்படி நடக்கப் பாதையே இல்லையே? சில்வர் பீச் அலுத்துவிட்டது. என்ன காலணி வாங்கலாம், எந்தச் செயலியில் வழி பார்க்கலாம், தனியாகப் போகலாமா?

வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

மூட்டுவலியோடு ஐந்து நாள் நடந்தவரைக் கட்டிக்கொள்ளத்தான் முதலில் தோன்றியது. ‘பாதையே இல்லை’ என்ற வரிக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இதை எழுதலாமா நீங்கள்? செயலியை எல்லாம் விடுங்கள்.

எனக்குப் பாகூர் பக்கம். புரட்டாசிச் சனிக்கிழமை விடியுமுன் ஆயா என்னைக் கிளப்பிவிடுவாள். ஏரிக்கரை, வரப்பு, அப்புறம் பெண்ணையாற்று மணல். புடவையைத் தூக்கிச் செருகி, உப்பும் மிளகும் முடிந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் முன்னால் இறங்குவாள். அக்கரையில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வண்டிப்பாதை. திருவந்திபுரத்துக்கு மொட்டை போடப் போகிற சனம் எங்கெங்கிருந்தோ வந்து அதில் சேரும். யார் நிலம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கொல்லைக்காரரே மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்.

போன புரட்டாசியில் அதே வழியில் போனேன். கொல்லை மனைப்பிரிவாகி, பாதைக்குக் குறுக்கே கம்பிவேலி. “சுத்திப் போங்க பெரியவரே” என்றார் காவலாள். வண்டிப்பாதை புறம்போக்கு, அதை அடைக்க எவருக்கும் உரிமை இல்லை என்று தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல் திரும்பி, தார்ச்சாலைக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். அந்த உறுத்தல் தீராமல் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம்.

இங்கிலாந்தில் மட்டும் பாதை தானாகவா திறந்து கிடந்தது? மான்செஸ்டர் பக்கத்துக் கிண்டர் ஸ்கவுட் குன்று பிரபுக்களின் வேட்டை நிலம், யாரும் நுழையாமல் காவல் போட்டிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சுற்றுவட்டார ஆலை நகரங்களின் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அதில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நீங்கள் நடந்த பாதை வேண்டும் என்று டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் எழுதியது 1935இல். திறந்தது 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று. 30 வருஷம் விடாமல் கேட்டிருக்கிறார்கள், ஐயா! இடையில் 1949இல் வந்த சட்டம் பொது நடைவழிகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. 20 வருஷம் ஜனங்கள் தடையில்லாமல் நடந்த தடத்தைப் பொதுவழியாகவே கருதுகிறது அங்கத்திய சட்டம். ஆயாவும் அவள் மாமியாரும் நடந்த வருஷங்களை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

நமக்கும் கிராம வரைபடம் இருக்கிறது, எது யார் நிலம், எது புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேடு இருக்கிறது. நடக்க ஆள் இல்லை. வேலி போட்டவர் செய்தது அநியாயம்தான். ஆனால் அவர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நாம் பஸ் ஏறிவிட்டோம். கால் படாத தடத்தில் முதலில் வேலிகாத்தான் முளைத்தது, கம்பிவேலி பிறகுதான் வந்தது. உழவாரத்தால் புல்லைச் செதுக்கியபடி ஊர் ஊராக நடந்த அப்பர் கரையேறிய இடம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரையேறவிட்டகுப்பத்துக்கு ஒருநாளாவது நடந்து போயிருக்கிறீர்களா?

வருகிற புரட்டாசி முதல் சனிக்கிழமை, கிராம வரைபட நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன். இந்த முறை வேலிக்கு முன்னால் நின்று பேசுவேன். நீங்களும் வாருங்கள். முந்தின இரவே பாகூரில் என் தங்கை வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். ஆற்றில் இறங்க வேண்டியிருக்கும், ரப்பர் செருப்பு போதும். உங்கள் மூட்டுக்கு ஒரு மூங்கில் கழி வெட்டி வைக்கிறேன்.