சியோலில் என்ன வாங்கலாம்? சருமக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, கொரியாக்காரர்கள் முகத்துக்குச் செய்யும் பத்துப் படி ரொட்டீனுக்கு எல்லாமே வாங்கணுமா?

பதில்: வேண்டாம். ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இந்த மூன்றும் ஒத்துக்கொண்ட பிறகு சீரம் பக்கம் போகலாம். சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்ட நாளில் இரவு முதலில் ஆயில் கிளென்சர், அப்புறம் ஃபேஸ் வாஷ். ஆயிலை உலர்ந்த முகத்தில் உலர்ந்த கையால் தேய்க்க வேண்டும். பிறகு விரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பால் மாதிரி வெளுக்கும்; அப்போது கழுவுங்கள். எடுத்தவுடன் ஈர முகத்தில் போட்டால் அழுக்கு சரியாகக் கரையாது.

கேள்வி: நான் மாநிறம். சியோலின் கடைவீதியான மியோங்டோங்கில் எனக்கேற்ற குஷன் (பஞ்சால் ஒற்றிப் போடும் ஃபவுண்டேஷன்) கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் 21, 23 என்ற நிற எண்கள்தான் அடுக்கியிருக்கும். 21 நல்ல வெளுப்பு. 23 சற்று அடர்த்தி என்றாலும் நம்மில் பலருக்குச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது உங்கள் நிறத்தின் குறை இல்லை. 'டோன் அப்' என்று போட்ட சன்ஸ்கிரீனும் வேண்டாம், அது முகத்தை வெளுப்பாகக் காட்டுவதற்கென்றே தயாரிக்கப்படுவது. பூசியதும் நிறமே தெரியாத சன்ஸ்கிரீன்கள் அங்கே தாராளமாகக் கிடைக்கும். வெயில் பாதுகாப்பைக் காட்டும் அளவுகள் இரண்டு: எஸ்பிஎஃப் 50+, பிஏ-வுக்குப் பக்கத்தில் நான்கு பிளஸ் பார்த்து எடுங்கள். என்னைக் கேட்டால் பணத்தை அதில்தான் போடச் சொல்வேன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசணும்.

கேள்வி: 'பிரைட்டனிங்' சீரம் நிறத்தை மாற்றுமா?

பதில்: மாற்றாது. பரு விட்டுப்போன கருந்தழும்பு மெல்ல மங்கும், அவ்வளவுதான். அதற்கு நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 2 முதல் 5 சதவீதம் இருந்தால் போதும்.

கேள்வி: சிகா கிரீம் என்பது என்ன?

பதில்: நம்ம வல்லாரைச் சாறு சேர்த்தது. எரிச்சல், சிவப்புக்கு நல்லது.

கேள்வி: வரி திரும்பக் கிடைக்குமா? காலாவதித் தேதியை எப்படிப் பார்ப்பது?

பதில்: ஆலிவ் யங் போன்ற அழகுப்பொருள் கடைகளில் 15,000 வொன்னுக்குக் குறையாமல் வாங்கினால் பில் போடும்போதே வரியைக் கழித்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். தேதியில் வருடம் முதலில், பிறகு மாதம், நாள். சிலவற்றில் தயாரித்த தேதியும் இருக்கும், போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில்கள் செக்-இன் பெட்டிக்குத்தான் போகணும்.

கேள்வி: அண்ணி கர்ப்பமாக இருக்கிறார். சீரம் வாங்கிப் போகலாமா?

பதில்: ரெட்டினால், ரெட்டினல் (இரண்டும் வைட்டமின் ஏ வகை) என்று இருந்தால் வேண்டவே வேண்டாம். வேறு எதுவானாலும் பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள், அவர் தன் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.