காலை வாரலாமா? ஆங்கில மரபுத்தொடர் கேள்வி பதில்

அம்மாப்பேட்டை வாசகர்: ‘புல்லிங் மை லெக்’ என்றால் காலை வாரிவிடுவதுதானே சார்?

இல்லைங்க. வழுக்கி விழ வைக்கும் இடமே இதுதான். நம்மிடம் ‘காலை வாரிவிட்டான்’ என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான் என்று பொருள். ஆங்கிலத்தில் அது வெறும் கலாய்ப்பு; பொய்யை நிஜம்போலச் சொல்லிச் சீண்டுவது. ‘ஏற்காடு ஏரி உறைந்து கட்டியாகிவிட்டது’ என்று யாராவது அளந்தால், ‘ஆர் யூ புல்லிங் மை லெக்?’ என்று சிரித்தபடி கேட்கலாம். கூட்டாளி பணத்தோடு கம்பி நீட்டினால் இது ஒத்துவராது. ‘ஹீ ஸ்டேப்டு மீ இன் த பேக்’ என்று சொல்லுங்கள். அது நம் முதுகில் குத்துவதேதான்.

ஏற்காடு எஸ்டேட் ஊழியர்: காப்பிக்கொட்டை சிந்தினால் ‘ஸ்பில் த பீன்ஸ்’ எனலாமா?

‘ஐ ஸ்பில்ட் சம் பீன்ஸ்’ என்றால் கொட்டைதான். ‘த பீன்ஸ்’ என்றதும் ரகசியத்தை உளறியதாகவே கேட்பவர் காதில் விழும். காலத்தை மாற்றலாம், ‘எ பீன்’ என்று ஒருமையாக்கினால் மரபுத்தொடர் செத்தது. செத்துப்போவதைச் சொல்லும் ‘கிக் த பக்கெட்’டும் இப்படித்தான். செயப்பாட்டுவினையாக்கி ‘த பக்கெட் வாஸ் கிக்டு’ என்றால் உதைபட்டது வாளி மட்டுமே, யாரும் சாகவில்லை. அதுவும் ‘மண்டையைப் போட்டான்’ ரகப் பேச்சு. இரங்கல் செய்தியில் ‘பாஸ்டு அவே’ என்றே எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி: கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஆங்கிலத்தில்?

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’. நியூகாசில் ஒருகாலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன இங்கிலாந்துத் துறைமுகம். சேலத்துக்கே மாம்பழம் சுமந்து வருகிற மாதிரி.

ஆத்தூர், பிளஸ் டூ மாணவி: பட்டியலாக மனப்பாடம் செய்கிறேன், நிற்கவில்லை.

நிற்காதும்மா. வாரம் 5 போதும். நோட்டின் இடப்பக்கம் முழு வாக்கியம், வலப்பக்கம் யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்பது. மாற்றக்கூடிய சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. 3ஆம் நாளும் 10ஆம் நாளும் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார்.

ஓமலூர் வாசகர்: மழை கொட்டினால் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ எனலாமா?

பழைய வாடை அடிக்கும். ‘இட்ஸ் போரிங்’ போதும். ‘பாட்டு’வின் ப போடுங்கள். ‘பஸ்’ஸின் ப வந்துவிட்டால் மழை கொட்டாது, சலிப்புதான் தட்டும்.