லியோன் நகரத்து வெக்கை

அன்புள்ள ஐயா,

என் மகள் பிரான்சில் லியோன் நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள். சென்ற கோடையில் தொலைபேசியில் அழைத்து, "36 டிகிரி அப்பா, மூன்று நாளாகத் தூக்கமே இல்லை" என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். வேலூரில் 42 டிகிரி வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனவள் அவள். ஐரோப்பாவில் வெயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் இறக்கிறார்கள் என்ற செய்தியையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அங்கே உண்மையிலேயே வெக்கை கூடிவருகிறதா, பழக்கமில்லாதவர்களின் புலம்பல்தானா?

ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வதை நம்புங்கள். வேலூர் வெயிலுக்குப் பழகிய உடலை அவர் லியோனுக்குக் கொண்டுபோயிருக்க முடியாது. வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்கள் போதும். குளிரில் சில வாரங்கள் இருந்தால் அந்தப் பழக்கம் கழன்றும் விடும். பனிக்காலம் முழுவதையும் அங்கே கழித்தவருக்கு ஜூன் மாத வெக்கை புதிய வெக்கைதான்.

வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து இரண்டு ஊர்களை ஒப்பிடுவதில்தான் பிழை இருக்கிறது. உடலுக்குள் எந்நேரமும் வெப்பம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றியாக வேண்டும். வியர்வை வழிந்தால் போதாது, அது உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தாலோ, காற்றே அசையாமல் நின்றாலோ, சூடேறிய சுவர் நம்மை நோக்கி அனல் உமிழ்ந்தாலோ அதே 36 டிகிரி வேறொன்றாகிவிடுகிறது. இதைக் கணக்கிட யு.டி.சி.ஐ. என்றொரு குறியீடு இருக்கிறது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்று வீச்சு, கதிர்வீச்சு ஆகிய நான்கையும் சேர்த்து, உடல் உணரும் வெப்பத்தை அது ஒரே எண்ணாகத் தருகிறது. அந்த எண் 32 டிகிரியைத் தாண்டினால் கடுமையான வெப்ப அழுத்தம். 38-ஐத் தாண்டினால் மிகக் கடுமையானது. 46-க்கு மேல் உச்சநிலை.

கூடிவருகிறதா என்று கேட்டிருந்தீர்கள். கூடித்தான் வருகிறது. 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்து வானிலையையும் பழைய பதிவுகளைக் கொண்டு கணினியில் மீட்டெழுதிய தரவுத்தொகுப்பு ஒன்று ஐரோப்பிய வானிலை மையத்திடம் இருக்கிறது. அதைக் கொண்டு பார்த்தால், கடுமையான வெப்ப அழுத்தம் உள்ள நாட்கள் அக்கண்டத்தில் பெருகுகின்றன, கடுங்குளிர் நாட்கள் குறைகின்றன. 2024 கோடையில் தென்கிழக்கு ஐரோப்பாவில் அத்தகைய வெப்ப நாட்கள் 66. அங்கே வழக்கமான சராசரி 29. வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் 23, சராசரி 8. அந்த ஜூலையில் வெப்ப அலை தொடர்ந்து 13 நாட்கள் நீடித்தது. 1980-களுக்குப் பிறகு ஐரோப்பா உலக சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. வடதுருவத்தை ஒட்டியிருப்பது ஒரு காரணம். ஆலைப்புகையைக் கட்டுப்படுத்தியதால் வானம் தெளிந்து, வெயில் தடையின்றித் தரையில் விழுவது இன்னொன்று. நல்ல காரியம் ஒன்றுக்கு இப்படியும் ஒரு விளைவு இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த இரவுக் கணக்கைத்தான் நான் பகல் கணக்கைவிட அதிகமாக அஞ்சுகிறேன். பகலில் பட்ட பாட்டை உடல் ஆற்றிக்கொள்வது இரவில்தான். என் பாட்டி மாலையில் மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, தரை ஆறிய பிறகே பாய் விரிப்பார். லியோனில் ஜூன் இறுதியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிறது. குளிரைத் தாங்கக் கட்டிய வீடுகள், உள்ளே வந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது. மாணவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கூரைக்கு நேர் கீழே இருக்கும் சிற்றறைகள்.

அந்த அறைகள் என்ன செய்யும் என்பதை 2003 ஆகஸ்ட் காட்டியது. பிரான்சில் மட்டும் வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் அந்தக் கோடையில் 70,000-க்கும் மேல். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பெண்கள் அதிகம். கூரையடி அறையில் உறங்கியவர்களுக்கு ஆபத்து பல மடங்காக இருந்தது. ஆகஸ்ட் என்பதால் பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் மருத்துவர்களும் விடுமுறையில் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பாரிஸுக்கு அருகே ருன்ஜிஸ் மொத்தச் சந்தையின் குளிர்கிடங்கில் உடல்களை வைக்க வேண்டியிருந்தது. கேட்டு வர யாருமில்லாத 57 பேரைச் செப்டம்பர் 3 அன்று பாரிஸின் புறநகரான தியேயில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, அதிபர் ஷிராக் வந்து நின்றார். இவர்களை எந்த வெப்பமானியும் கணக்கில் கொண்டுவராது. வெயிலோடு முதுமையும் தனிமையும் சேர்ந்துதான் அவர்களைக் கொன்றன. புலம்பல் என்ற உங்கள் சொல் என்னை வருத்தியது இதனால்தான்.

2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பம் தொடர்பான மரணங்கள் 61,000-க்கும் மேல் என்றும், 2023-இல் 47,000-க்கும் மேல் என்றும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றும் ஐரோப்பாவில் குளிரால் இறப்பவர்களே அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்த நூற்றாண்டில் மக்களும் அரசுகளும் கற்றுக்கொண்டவை இல்லாதிருந்தால், 2023-இன் சாவு எண்ணிக்கை 80 விழுக்காடு கூடியிருக்கும் என்கிறது ஓர் ஆய்வு. முன்னெச்சரிக்கைக்கு இவ்வளவு பலன் இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்றே மகளை அழைத்துப் பேசுங்கள். பகலில் சன்னல் கதவுகளை அடைத்து வைத்து, வெளிக்காற்று ஆறிய பிறகு இரவில் திறந்துவிடச் சொல்லுங்கள். படுக்கும் முன் குளிக்கட்டும். ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். தாங்க முடியாத பகலில் நூலகத்திலோ கடைவளாகத்திலோ சில மணி நேரம் இருந்துவிட்டு வரட்டும். 2003-க்குப் பிறகு பிரான்சின் நகராட்சிகள் தனித்து வாழும் முதியவர்களின் பெயர்களைப் பதிவு செய்துவைத்து, வெப்ப அலை நாட்களில் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கின்றன. மகளின் கட்டடத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், பெயரைப் பதிவு செய்திருக்கிறாரா என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.