சர்வதேச மகளிர் கால்பந்தில் நான் எதைப் பார்க்கிறேன்?

ஆண்கள் கால்பந்தே ஆண்டு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மகளிர் அணிகளின் சர்வதேச ஆட்டங்களில் தனியாக ரசிப்பதற்கு என்ன இருக்கிறது, புதிதாகப் பார்க்க விரும்புபவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தடைசெய்யப்பட்டிருந்த ஒரு விளையாட்டு உலகக் கோப்பை வரை ஏறிவந்த கதை முழுவதையும் ஒரே மனிதரின் ஆட்ட வாழ்க்கைக்குள் பார்த்துவிட முடிகிறது என்பதுதான் என்னை இதில் பிடித்து வைத்திருக்கிறது. ஆண்கள் கால்பந்தில் எந்த நாடு பெரியது, எது சிறியது என்பது ஏறக்குறைய என் தாத்தா காலத்திலேயே முடிவாகிவிட்டது. மகளிர் கால்பந்தில் அந்த வரிசை இன்னும் கலைந்து கலைந்து அடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நான் பாம்பனில் வலைக்கடை வைத்திருப்பவன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும் மாதங்களில் படகுகள் கரையில் நிற்கும் நாட்கள் அதிகம், கடையில் வியாபாரம் குறைவு. மகளிர் உலகக் கோப்பைகளும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே நடக்கின்றன. பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் ஓய்வு நேரம் அல்ல, ஃபோர்மிகா போன்றவர்கள்.

பிரேசிலின் நடுகள வீராங்கனை ஃபோர்மிகா 1978-இல் சல்வடோர் நகரில் பிறந்தார். அப்போது அந்த நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. பெண்களின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகள் என்று சொல்லி 1941-இல் கொண்டுவந்த ஆணை 1979-இல்தான் விலக்கப்பட்டது. உலகக் கோப்பைகளைக் குவித்த நாடு, மூன்று முறை ஆண்கள் கோப்பையை வென்று கொண்டாடிய காலம் முழுவதும் தன் பெண் பிள்ளைகளைப் பந்தைத் தொட விடாமல் வைத்திருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தத் தடைக்காலத்தில் பிறந்த குழந்தை 1995-இல் ஸ்வீடனில் தன் முதல் உலகக் கோப்பையை ஆடி, 2019-இல் பிரான்சில் 41 வயதில் ஏழாவதை ஆடி முடித்தார். ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியவர் ஆணிலும் பெண்ணிலும் அவர் ஒருவரே. ஒலிம்பிக்கில் மகளிர் கால்பந்து 1996-இல் சேர்க்கப்பட்டதிலிருந்து டோக்கியோ வரை நடந்த ஏழு போட்டிகளிலும் அவர் இருந்தார்.

அவருடைய கடைசிச் சர்வதேச ஆட்டம் யாருக்கு எதிரானது தெரியுமா? இந்தியாவுக்கு எதிரானது. 2021 நவம்பர் 25 அன்று அமேசான் காட்டு நகரமான மனாவ்ஸில் அந்த ஆட்டம் நடந்தது. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் அடித்துவிட்டது. எட்டாவது நிமிடத்தில் நம் மனீஷா கல்யாண் அதைச் சமன் செய்தார். முடிவில் இந்தியா 6-1 என்று தோற்றது. செய்தித்தாள்கள் தோல்வியை நான்கு வரியில் முடித்துக்கொண்டன. எனக்கோ அந்த ஒரு கோல் இன்றும் அலுக்கவில்லை. மனீஷா அடுத்த ஆண்டே சைப்ரஸின் அப்பொலோன் அணிக்காக ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஆடி, அந்தப் போட்டியில் களம் கண்ட முதல் இந்தியர் ஆனார்.

தடை என்பது பிரேசிலுக்கு மட்டும் உரிய கதை அன்று. இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகர ஆலைத் தொழிலாளிப் பெண்கள், முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிகுண்டுத் தளவாடங்கள் செய்துகொண்டிருந்தவர்கள், டிக் கெர் லேடீஸ் என்ற பெயரில் ஓர் அணியாகத் திரண்டார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயிண்ட் ஹெலன்ஸ் அணியோடு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் உள்ளே நிறைந்திருந்தார்கள். இடமில்லாமல் வெளியே திரும்பியவர்களும் பல்லாயிரம் பேர். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் உறுப்பினர் மைதானங்களில் அவர்கள் ஆடக்கூடாது என்று கதவைச் சாத்தியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தே அது திறந்தது. மேற்கு ஜெர்மனியும் 1955 முதல் 1970 வரை இதே வேலையைச் செய்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபீஃபாவின் முதல் மகளிர் உலகக் கோப்பை 1991-இல் சீனாவில் நடந்தபோதுகூட, பெண்கள் தாங்க மாட்டார்கள் என்பதுபோல் ஆட்டத்தை 80 நிமிடமாகக் குறைத்து வைத்திருந்தார்கள்.

பெண்ணுடலின் வலுவைப் பற்றிய இந்தக் கவலை எங்கள் கரையில் எடுபடாது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய கடற்பாசியைப் பிடுங்கிப் பையை நிறைத்துக்கொண்டு வருகிறவர்கள். தொண்ணூறு நிமிடம் ஓடுவதற்குப் பெண்ணுக்கு உடம்பு தாங்குமா என்று அவர்களிடம் யாராவது கேட்டால் என்ன பதில் வரும் என்பதை இங்கே எழுத முடியாது.

மகளிர் ஆட்டம் வேகம் குறைந்தது என்பது நியாயமான கூற்றுதான். அதை மறுத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்த வேகக் குறைவினால் ஆட்டத்தின் கட்டமைப்பு நமக்குப் புலப்படுகிறது என்பதையே சொல்ல வருகிறேன். 2023 ஆகஸ்டு 20 அன்று சிட்னியில் 75,784 பேர் முன்னிலையில் ஸ்பெயின் இங்கிலாந்தை வென்ற இறுதிப்போட்டியின் ஒரே கோலை எடுத்துக்கொள்ளுங்கள். 29-வது நிமிடம். இங்கிலாந்தின் வலப்புறத் தடுப்பாட்டக்காரர் லூசி ப்ரோன்ஸ் தன் இடத்தை விட்டு நடுக்களத்துக்குள் பந்தை ஓட்டிக்கொண்டு வந்து பறிகொடுக்கிறார். அவர் விட்டுவந்த இடம் காலியாகக் கிடக்கிறது. ஸ்பெயினின் தெரேசா அபெல்லெய்ரா அதைக் கண்ட மாத்திரத்தில் இடப்பக்கத்துக்குக் குறுக்காக நீண்ட பாஸ் ஒன்றை அனுப்புகிறார். மரியோனா கல்தென்தேய் அதை வாங்கி, தன்னைத் தாண்டி ஓடிவரும் ஒல்கா கர்மோனாவுக்கு வாகாக விடுகிறார். கர்மோனா இடக்காலால் தரையோடு அடித்த பந்து கோல்காப்பாளர் மேரி ஏர்ப்ஸைக் கடந்து எதிர்மூலையில் நுழைகிறது. தவறு எங்கே, அதைக் கண்டவர் யார், ஓடியவர் யார் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் படும். நம் நேரப்படி ஞாயிறு மாலை மூன்றரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது, கால்பந்து விதிகளில் பாதி தெரியாத என் மனைவியே, "அந்தப் பிள்ளை ஏன் தன் இடத்தை விட்டு வந்தாள்?" என்று கேட்டுவிட்டாள். கர்மோனாவின் தந்தை அதற்கு இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டிருந்தார். ஆட்டம் முடிந்த பிறகே மகளிடம் சொன்னார்கள்.

அந்த வெற்றியின் மேடையிலேயே ஸ்பெயின் கால்பந்துச் சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், வீராங்கனை ஜென்னி எர்மோசோவை அவர் சம்மதமின்றி முத்தமிட்டதும், பிறகு பதவி விலகியதும், 2025-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் முழுவதும் பேசப்பட வேண்டிய கோலை அந்த மனிதர் பேச்சிலிருந்தே தள்ளிவிட்டார் என்பது எனக்கு இன்னமும் ஆற்றாமைதான்.

வரிசை கலைகிறது என்று மேலே எழுதியதற்குச் சான்று வேண்டுமானால் அதே 2023 போட்டியின் மொராக்கோவைப் பாருங்கள். மகளிர் உலகக் கோப்பைக்கு வந்த முதல் அரபு நாடு அது. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 6-0 என்று நொறுங்கியது. பிறகு தென்கொரியாவை 1-0, கொலம்பியாவை 1-0 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ஆறு கோல் அடித்த ஜெர்மனி முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. ஜமைக்காவின் கதை இன்னும் ருசியானது. 2019-இல் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்ற அணி, 2023-இல் செலவுக்குப் பணம் போதாமல் ஆட்டக்காரர் ஒருவரின் தாயார் இணையத்தில் நிதி திரட்டும் நிலையில் வந்து, பிரான்சையும் பிரேசிலையும் கோல் அடிக்க விடாமல் தடுத்து, பிரேசிலை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. தாய்லாந்து 2019-இல் அமெரிக்காவிடம் 13-0 என்று தோற்றபோது, இத்தகைய அணிகள் உலகக் கோப்பைக்கு எதற்கு என்று எழுதியவர்கள் உண்டு. அதே தாய்லாந்தை அதன் சொந்த மண்ணான சியாங் மாயில் 2025 ஜூலை 5 அன்று இந்தியா 2-1 என்று வென்றது; சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோல்களால் நம் அணி, முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. எந்த அணியும் நிரந்தரமாகப் பெரியதில்லை என்பதற்கு இதைவிட அருகில் வேறென்ன உதாரணம் வேண்டும்?

மொராக்கோவைப் பற்றிச் சொல்லும்போது நுஹைலா பென்சினாவை விட்டுவிட முடியாது. தென்கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தலையை மூடிய ஹிஜாபுடன் தடுப்பாட்டத்தில் இறங்கி, உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் வீராங்கனை ஆனார் அவர். ஃபீஃபா அதற்கான தடையை நீக்கியது 2014-இல்தான். கீழக்கரையிலிருந்து நைலான் கயிறு வாங்க வரும் ஒரு பாய், தன் மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தோடு நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த ஆட்டத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "உடுப்பு தோதாத்தான் இருக்கு" என்றார். மகள் களத்துக்கு வந்தாளா என்று நான் கேட்கவில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலும் எட்டாம் வகுப்பு வரை பையன்களோடு மணலில் பந்தாடும் பெண் பிள்ளைகள் அதற்குப் பிறகு காணாமல் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறவன் நான். கழித்துப்போட்ட வலையைக் கோல்கம்பத்துக்குக் கட்டிக்கொள்ளக் கொடுப்பதற்கு மேல் என்னால் ஆனது ஒன்றுமில்லை. வழி இல்லாமலும் இல்லை. கடலூர் மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்குப் போயிருக்கிறார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றிருக்கிறது.

எல்லா ஆட்டங்களிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 2011 இறுதிப்போட்டியைச் சொல்வேன். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று ஜப்பானின் கடற்கரையை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. நான்கு மாதம் கழித்து ஜெர்மனியில் உலகக் கோப்பை. காலிறுதியில் போட்டியை நடத்திய ஜெர்மனியையே ஜப்பான் 1-0 என்று வென்றது. கூடுதல் நேரத்தில் அந்தக் கோலை அடித்த கரினா மருயாமா, முன்பு ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த நிறுவனத்தின் அணியில் ஆடியவர். பிராங்பர்ட்டில் நடந்த இறுதிப்போட்டியில் எதிரே அமெரிக்கா, ஜப்பான் அதுவரை ஒருமுறைகூட வென்றிராத அணி. இரண்டு முறை அமெரிக்கா முன்னிலை பெற்றது. இரண்டு முறையும் ஜப்பான் எட்டிப் பிடித்தது. 117-வது நிமிடத்தில் அயா மியாமா கார்னரிலிருந்து அனுப்பிய பந்தை, அருகு கம்பத்தை நோக்கி ஓடிவந்த கேப்டன் ஹோமாரே சாவா, கோலுக்குப் பக்கவாட்டில் நின்றபடி வலக்காலின் வெளிப்புறத்தால் தட்டிவிட்டார். அப்படி ஒரு கோலைத் திட்டம் போட்டு அடிக்க முடியுமா என்று எனக்கு இன்றும் ஐயம். ஆட்டம் சமனில் முடிந்ததால் நடந்த பெனால்டி ஷூட்அவுட்டில் கோல்காப்பாளர் கைஹோரி முதல் உதையைக் காலால் தடுத்தார். குமகாய் கடைசி உதையை வலையின் மேற்பகுதியில் ஏற்றினார். நம் நேரப்படி நள்ளிரவு கடந்து தொடங்கி மூன்று மணி வாக்கில் முடிந்த ஆட்டம். 1964 புயலைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊரில் அதைப் பார்ப்பது எப்படி இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே தொடங்குவதற்கு அதைப் பார்க்கலாம். இரண்டாவதாக, 2023-இல் கொலம்பியா ஜெர்மனியை 2-1 என்று வென்ற ஆட்டம்: பதினைந்து வயதில் சினைப்பைப் புற்றுநோயோடு போராடி மீண்ட லிண்டா கைசெடோ, பதினெட்டு வயதில் இரண்டு பேரைத் திணறடித்துவிட்டு அடித்த கோலுக்காகவே பாருங்கள். மூன்றாவதாக, 2025 ஆகஸ்டில் கீட்டோவில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்கா இறுதிப்போட்டி. பிரேசிலின் 39 வயது மார்த்தா கடைசி நேரத்தில் களமிறங்கி, காயத்துக்கான கூடுதல் நிமிடங்களில் சமன் செய்து, பிறகு இன்னொரு கோலும் அடித்து, அதன் பின் ஷூட்அவுட்டில் தன் பெனால்டியைத் தவறவிட்டு, 4-4 என்று நின்ற ஆட்டத்தில் கடைசியில் கோப்பையையும் தூக்கினார். இவ்வளவையும் ஒரே இரவில் அனுபவிக்க எந்த மனிதருக்கும் உரிமை இல்லை.

அடுத்த உலகக் கோப்பை 2027 ஜூன், ஜூலையில், ஃபோர்மிகாவுக்கு ஒருகாலத்தில் தடை இருந்த அதே பிரேசிலில் 32 அணிகளோடு நடக்கிறது. பிரேசில் நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்தங்கிய நாடு என்பதால் பல ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வரும். தூக்கம் பெரிதென்று நினைப்பவராக இருந்தால் மறுநாள் பதிவைப் பாருங்கள், ஆனால் அதுவரை கைபேசியைத் திறந்து முடிவைத் தெரிந்துகொள்ளாதீர்கள்.